இடப்பக்கத்து முகம்

இருபது வருடங்களுக்கு மேலாக நான் அழகான ஆண்களுக்குத் தமிழ் பேசிக் கொடுத்து வருகிறேன். சவர பிளேடு விளம்பரத்தில் தாடையைத் தடவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறானே, அவன் பஞ்சாபிக்காரன். அவன் வாயிலிருந்து வருகிற தமிழ் என்னுடையது. பனியன் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் லாரியை நிறுத்துகிறவனுக்கும் நான்தான் பேசினேன். துருக்கித் தொடர், கொரியத் தொடர் என்று எது வந்தாலும் கதாநாயகனைக் கொண்டுவந்து என் முன்னால் திரையில் நிறுத்துவார்கள். இவர்களில் ஒருவனையும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஒருவனுடைய பல்லையும் உதட்டையும் நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் மேல் மரியாதை வருவது கஷ்டம்.

நான் பம்பாய் தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். அவர் போன பிறகு அம்மாவும் நானும் செம்பூரில் ஒரு சின்ன பிளாட்டுக்குக் குடி மாறினோம். நான் நல்ல கறுப்பு. உயரம் கம்மி. முன்பல் இரண்டும் லேசாகத் துருத்தியிருக்கும். தாராவிப் பொங்கல் விழாவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கி வைக்க வந்தவர் என் குரலைக் கேட்டுவிட்டு மாட்டுங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் டப்பிங் ஸ்டூடியோ. அதை நடத்தியவர் பாலக்காட்டுப் பூர்வீகம் கொண்ட, மாட்டுங்காவிலேயே வளர்ந்த ஒரு அம்மாள். எல்லோரும் மேடம் என்போம். விளம்பரங்களையும் தொடர்களையும் தமிழில் எழுதுவதும் அவர்தான், எங்களைப் பேச வைப்பதும் அவர்தான்.

முதல் நாளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார்: “கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்லுங்கோ. அவன் அவளை லவ் பண்றான். ரேஷன் கடை க்யூல சண்டை போடலை.”

ஒவ்வொரு தேசத்து ஆணுக்கும் ஒவ்வொரு மூச்சு என்று அவரிடம்தான் கற்றேன். துருக்கிக்காரன் தாடி வைத்திருப்பான். காதலைச் சொல்வதும் கொலை மிரட்டல் விடுவதும் அவனுக்கு ஒரே தொனி. ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முறைப்பான், பின்னால் வயலின் வாசிப்பார்கள், நமக்கு அங்கே பேச ஒன்றும் இருக்காது. கொரியாக்காரனுக்கு முகத்தில் ஒரு ரோமம் இருக்காது. மழையில் நனைந்தாலும் நெற்றி முடி கலையாது. பெரிய கம்பெனி முதலாளியாக இருப்பான், ஆனால் ஒருநாளும் ஆபீஸ் வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. துருக்கிக்காரனுக்கு அடிவயிற்றிலிருந்து பேச வேண்டும், கொரியாக்காரனுக்குத் தொண்டைக்குழியிலிருந்து. இந்தி ஆளுக்கு ஒரு காலத்தில் நெஞ்சு மழமழவென்று இருந்தது. பிறகு நெஞ்சில் முடி வந்தது. குரல் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் இரண்டு நெஞ்சுக்கும் பேசியது நான்தான்.

ஒருத்தன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆறு மாதத்தில் அது எங்கள் தெரு சலூனின் சுவருக்கு வந்துவிடும். தெற்கத்திப் படங்கள் இந்தியில் ஓட ஆரம்பித்த பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! அதுவரை பம்பாய்க்காரனுக்குத் தமிழன் என்றால் தொந்தி, லுங்கி, நெற்றியில் பட்டை. ஸ்டேஷனில் “ஏ மதராசி” என்று கூப்பிட்டவன் மறு வருடம் அதே ஸ்டேஷனில் என் தோளில் கை போட்டு, “அண்ணா, பியர்டுக்கு எந்த ஆயில் போடணும்?” என்று கேட்டான். எனக்குத் தாடியே கிடையாது. அதை அவன் கவனிக்கவும் இல்லை.

நான் சொல்ல வந்தது ஆண்களுக்கான சிவப்பழகு க்ரீம் விளம்பரம் பற்றி. அதில் இடப்பக்கம் நிற்பவன் க்ரீம் போடுவதற்கு முன், வலப்பக்கம் நிற்பவன் போட்ட பின்; வலப்பக்கத்து ஆளின் குரல் நான் என்று முன்பே முடிவாகியிருந்தது. மாதிரிக்காக ஒரு முறை பேசிக் கொடுக்கச் சொல்லி விளம்பரக் கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். அங்கே இருந்த இளைஞன் ஒருவன், பதவி என்னவென்று கேட்டால் ‘கிரியேட்டிவ்’ என்றான், நான் உள்ளே நுழைந்ததிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொன்னான். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

“சர், உங்க ஃபேஸ் ரொம்ப ரியல்” என்றான் இந்தியில். “இந்த விளம்பரப் படத்திலேயே நடிக்கிறீர்களா?”

‘ரியல்’ என்றால் அவர்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இருட்டறையில் நின்று பேசியவனை ஒருத்தன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

சட்டையைக் கழற்றச் சொல்லி, சாயம் போன ஒன்றைக் கொடுத்தார்கள். மேக்கப் போடுகிறவர் மராத்திக்காரர், வயதானவர். ஸ்பாஞ்சில் எதையோ தொட்டு என் கன்னத்தில் ஒத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். இருக்கிற நிறம் போதாதென்று இன்னும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்.

“தாதா, யே க்யா?” என்றேன், அண்ணா, இது என்ன என்று.

“ஔர் காலா கர்னே கோ போலா ஹை. மேரே கோ மத் பூச், பாய்” என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. இன்னும் கறுப்பாக்கச் சொல்லியிருக்கிறார்கள், என்னைக் கேட்காதே.

பிறகு அந்தக் கிரியேட்டிவ் வந்து தோளைத் தொங்கப்போடச் சொன்னான். தலையைக் குனி. உனக்குத் தன்னம்பிக்கை இல்லை. இன்டர்வியூவில் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு பெண்ணும் உன்னைப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் அவன் மென்மையாகத்தான் சொன்னான், நோயாளியிடம் பேசுகிற மாதிரி. பொங்கல் விழாவில் அத்தனை ஜனத்தின் முன்னால் மைக் பிடித்தவன் நான். அவன் சொன்னபடி தோளைத் தொங்கப்போட்டு நின்றேன்.

வலப்பக்கத்து ஆள் டில்லியிலிருந்து வந்திருந்தான். என்னைவிட ஒரு ஜாண் உயரம். க்ரீம் தடவிய பிறகு நான் அவனாக ஆகிறேன் என்பதுதான் விளம்பரத்தின் கதை. நிறத்தோடு உயரம், மூக்கு, தாடை, முன்பல் எல்லாம் சேர்த்து மாறிவிடும் போலிருக்கிறது. இடைவேளையில் அவன் ஒரு நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயிற்றுக் கட்டுகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். உதடு வெடித்திருந்தது. நான் வடா பாவ் தின்றுகொண்டிருந்தேன். அவன் அதைப் பார்த்த பார்வையில் நடிப்பு இல்லை.

“கொஞ்சம் சாப்பிடறியா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் அண்ணா. இன்னும் ஒரு ஷாட் இருக்கு” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேசத்தில் இத்தனை பையன்கள் இவனைப் போல ஆக வேண்டும் என்று ஏங்கப் போகிறார்கள், இவனோ ஒரு வாய் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வாரம் மாட்டுங்காவில் டப்பிங். “வெண்மை வந்தது, வெற்றி வந்தது” என்று அந்த டில்லிக்காரன் வாயில் என் குரல். பேசி முடித்துவிட்டு மேடத்திடம் கேட்டேன், இடப்பக்கம் நிற்கிற எனக்கு யார் பேசுவது என்று.

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். “உங்களுக்கு டயலாக் கிடையாது” என்றார். தாளை மூடி வைத்துவிட்டு, “மன்னிச்சுக்கோங்கோ” என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

படம் எல்லா இடத்திலும் வந்தது. ஹார்பர் லைன் ரயில் பெட்டிக்குள்ளே, ஜன்னலுக்கு மேலே ஒட்டினார்கள். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன், நடுவில் ஒரு ட்யூப். ஒருநாள் குர்லாவில் ஏறி உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர் என்னைப் பார்த்தார், என் தலைக்கு மேலே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செம்பூரில் நான் எழுந்தபோது அவரும் எழுந்து என் முதுகில் தட்டி, “கோயி பாத் நஹி, பாய்” என்றார். பரவாயில்லை என்று தைரியம் சொல்கிறார்! க்ரீம் எனக்கு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டார்.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பத்திரிகையில் காட்டியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

“ஏல, எதுக்குல மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? வயித்து வலியா?”

“வெளம்பரம்மா. அப்பிடித்தான் நிக்கச் சொன்னாவ.”

“பக்கத்துல நிக்கவன் யாரு?”

“அதுவும் நான்தான். க்ரீம் போட்டதுக்கப்புறம்.”

அம்மா பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “இவனா நீயி? இவன் மூக்கப் பாரு, காதப் பாரு. படத்த எடுத்தவனுக்கு என்னல, கண்ணு அவிஞ்சா போச்சு?” என்றாள். அந்த விளம்பரத்தைப் பற்றி என் காதில் விழுந்த ஒரே நியாயமான கேள்வி அது.

எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாஷியில் ஒரு வீட்டில் எல்லாம் கூடி வந்த நேரத்தில் பெண்ணின் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். “அரே, நீங்க அந்த பிஃபோர் ஆளுல்ல?” என்று கத்தினான். பெண்ணின் அப்பா விசாரித்தார், அந்த க்ரீமை நான் உண்மையிலேயே போட்டுப் பார்த்தேனா, கம்பெனியில் சும்மா கொடுத்திருப்பார்களே, இன்னும் கொஞ்ச நாள் போட்டால் என்ன என்று. அவர் என்னைவிடக் கறுப்பு. அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்த டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் மாதிரி இருந்த தமிழ்க் கதாநாயகன் சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

இதற்கு நடுவில் தாராவிக்குப் பழைய சிநேகிதனைப் பார்க்கப் போனபோது கேமராவோடு ஒரு வெள்ளைக்காரர் என்னை நிறுத்தினார். கூட வந்த ஆள் மொழிபெயர்த்தான். என் முகம் அற்புதமாம், செதுக்கிய மாதிரி இருக்கிறதாம், அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் இப்போது இந்த மாதிரி முகத்தைத்தான் தேடுகிறார்களாம். ஒரு நிமிடம் நின்று கேட்டேன். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுத் தோல் மூட்டைகளுக்கு முன்னால் நிற்கச் சொன்னார். மேலே தெளிக்க ஒரு பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார், வியர்வை மாதிரி தெரியுமாம். க்ரீம் கம்பெனிக்காரனுக்கு என் கறுப்பு அவமானமாக வேண்டும். இவருக்கு அது அழகுதான், ஆனால் அழுக்கோடு வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு என்னை யாருக்கும் வேண்டாம். “டைம் நஹி ஹை”, நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கடைசியில் கோவண்டியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் அமைந்தது. அவள் செம்பூரில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில், மறுபடி அண்ணன் யாரும் கத்துவதற்கு முன்னால் நானே விளம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள். “எங்க கிளினிக்ல உங்க போஸ்டருக்குக் கீழதான் நான் தினம் உக்காந்திருக்கேன்.”

“அப்போ?”

“அப்போ என்ன? பழகிருச்சு. பக்கத்துல நிக்கிறவனைத்தான் பாக்கவே பிடிக்கல. பல்லைக் காட்டிட்டே நிக்கிறான்.”

அவளைக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலை முடிந்து அவளை அழைத்துவரக் கிளினிக்குக்குப் போவேன். அங்கே வருகிற ஆண்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும். முடி நட வருகிறவன், கொரியாக்காரன் மாதிரி தோல் கேட்டு அவன் படத்தை போனில் கொண்டுவருகிறவன், மனைவிக்குத் தெரியாமல் வருகிற ஐம்பது வயதுக்காரர். ஒருநாள் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாராவியில் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பதை நெருங்கும் வயது. நான் கவுன்டரில் மனைவியிடம் ஏதோ சொல்ல, அவர் சட்டென்று திரும்பினார்.

“அண்ணே, அந்த க்ரீம் வெளம்பரத்துல பேசுதது நீங்கதான?”

ஆமாம் என்றேன். கைக்குட்டையை எடுத்தார். கன்னம் இரண்டும் தோலுரிந்து செக்கச்செவேலென்று வெந்திருந்தது.

“வீட்டுல எந்நேரமும் தமிழ் சேனல்தாம்ணே ஓடும். கல்யாணம் நிச்சயமாயிருக்கு. பொண்ணு அம்பாசமுத்திரம் பக்கம். அந்த க்ரீம் நாலஞ்சு ட்யூப் போட்டேன், ஒண்ணும் ஆவல. பொறவு மெடிக்கல்ல ஒருத்தன் இது ஸ்ட்ராங்குன்னு வேற ஒண்ணு குடுத்தான். மொதல்ல நல்லாத்தான் வெளுத்திச்சு.” அவர் சொன்னதில் குறை கூறுகிற தொனியே இல்லை. “ஒரு தடவ அதச் சொல்லுங்கண்ணே. வெண்மை வந்தது, வெற்றி வந்தது. நேர்ல கேக்கணும் போல இருக்கு.”

நான் சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். அவரே அதைச் சொல்லிச் சிரித்தார், சிரித்தால் வலிக்கவே நிறுத்திக்கொண்டார். மெடிக்கல்காரன் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது என்று பிறகு மனைவி சொன்னாள். மாதத்துக்கு இப்படிப் பல பேர் வருகிறார்களாம். எல்லோரும் கல்யாணத்துக்கு முன்னால்.

அதே வருடக் கடைசியில் அந்தக் கிரியேட்டிவ் எனக்கு போன் செய்தான். இப்போது பெரிய பதவிக்கு வந்துவிட்டான். குரலில் புதிதாக ஒரு கனிவு.

“சர், உலகம் மாறிவிட்டது. கம்பெனி இனிமேல் ‘வெண்மை’ என்று சொல்லாது. நிறத்தை வைத்து மனிதனை மதிப்பிடக் கூடாது. இது ஒரு பெரிய முடிவு.”

“நல்லது. புதுப்படம் எடுக்கறீங்களா?”

“இல்லை சர். படம் அதேதான். அந்த ஒரு வார்த்தை மட்டும். ‘வெண்மை’ இருக்கிற இடத்தில் ‘பொலிவு’. ஐந்து நிமிட வேலை.”

“இடது பக்கம் நிக்கிறவன்?”

“அவன் இனிமேல் கறுப்பு இல்லை சர். டல்.”

இதை அவன் கூச்சமில்லாமல், ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னான். நான் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அங்கே இருந்தது மாதத்துக்கு ஒரு கொள்கை வாங்கி மாட்டிக்கொள்கிற ஒரு சட்டை ஸ்டாண்டு. “என்னால் முடியாது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “ஒரு வார்த்தைதானே? ஏன் வேண்டாங்கறேள்?” ஆட்டோக்காரரின் முகத்தைப் பற்றிச் சொன்னேன். “சரி, வேற யாரையாவது பாக்கச் சொல்றேன். நம்ம ஸ்டூடியோல வேண்டாம்” என்றார். எங்கோ ஒரு இடத்தில் யாரையோ வைத்து அந்த ஒரு வார்த்தையைப் பேசி ஒட்டிவிட்டார்கள். ‘பொலிவு’ என்பது வேறொருவன் குரல், ‘வந்தது, வெற்றி வந்தது’ என் குரல். அப்படியே ரொம்ப நாள் ஓடியது. நான் அன்றிலிருந்து க்ரீம், பவுடர் எதற்கும் பேசுவதில்லை. துருக்கிக்காரனுக்கும் கொரியாக்காரனுக்கும் பேசுகிறேன். அவர்கள் எதையும் தடவச் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொள்கிறேன். கிளினிக்கில் கொரியாக்காரன் படத்தோடு வருகிறவர்களை நினைத்தால் அந்தக் கணக்கும் உதைக்கத்தான் செய்கிறது.

ஆட்டோக்காரர் தன் கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். கல்யாணம் தாராவியில் ஒரு ஹாலில். முகம் பெரும்பாலும் ஆறியிருந்தது. ஒரு கன்னத்தில் மட்டும் திட்டு. வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் மாப்பிள்ளை பால் கோவா நிறத்தில், மீசை மெலிந்து, உதடு சிவந்து, கொரியத் தொடரிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி நின்றார். நண்பர்கள் செய்த வேலை. ஊரிலிருந்து வந்திருந்த பெண் வீட்டார் இரண்டு பேர் ஃப்ளெக்ஸையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்து, சரியான ஹாலுக்குத்தான் வந்திருக்கிறோமா என்று பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் மேடையேறி வாழ்த்தியபோது மாப்பிள்ளை என்னைப் பெண்ணுக்கு அறிமுகம் செய்துவைத்தார். பிறகு வெட்கத்தோடு, வாசலில் ஃப்ளெக்ஸைப் பார்த்தாயா என்று அவளிடம் கேட்டார். அவள் கறுப்பாக, களையாக, வாய் நிறையப் பேசுகிற பெண்.

“பாத்தேன், பாத்தேன்” என்றாள். “நல்ல வேள, அந்த ஆளு வரல.”

என் மனைவி சிரித்த சிரிப்பில் போட்டோகிராஃபர் எங்கள் படத்தை இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை புரியாமல் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு அவரும் சிரித்தார். இந்த முறை வலித்த மாதிரி தெரியவில்லை. நாங்கள் கீழே இறங்கிப் பந்திக்குப் போனோம்.